அன்னாள் சீலோவுக்குப் போகாத நாட்கள்



இந்த மாதச் செய்திக்கு வேறொரு வசனத்தைத்தான் குறித்து வைத்திருந்தேன். ஜெபத்தில் காத்திருந்தபோது ஆவியானவர் 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை விட்டு என்னை நகர விடவில்லை. அந்த அதிகாரத்தை அன்னாளின் ஜெபத்துக்காக எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். இந்தத் தடவை என் கண்ணில் பட்டது ஏலி. ஆலயத்தின் வாசல் பக்கத்தில் ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்த ஊழியக்காரன். எதிரே ஒரு ஸ்திரீ உதடு அசைய, சத்தமில்லாமல் அழுது ஜெபிக்கிறாள். அவனுக்கு அது குடிவெறியாகத் தெரிந்தது. கடிந்துகொண்டான். ஊழியக்காரன் கண்ணும் ஏமாறும், பிரியமானவர்களே. என் கண் ஏமாந்தது. அதை இங்கே அறிக்கையிடுகிறேன். என் மனைவிக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, அவள் சம்மதித்த பிறகே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

2023 செப்டம்பரில் கர்த்தர் எங்களுக்கு இரண்டாவதாக ஒரு பெண் குழந்தையைத் தந்தார். அந்த மார்கழியிலிருந்தே என் மனைவி பழைய ஆளாக இல்லை. வெள்ளாற்றுக் காற்று எல்லாருக்கும்தான் குளிரும். இவளோ வெயில் ஏறின பிறகும் போர்வையை விடமாட்டாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிற்று. சாப்பாடு குறைந்தும் உடம்பு பருத்தது. ஆராதனையில் முதல் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தொண்டை கட்டி, ஆம்பளைக் குரல் மாதிரி ஆனது. பாலுக்குச் சர்க்கரை போட்டோமா இல்லையா என்று இரண்டு தரம் கேட்பாள். முழு இரவு ஜெபத்தில் பத்து மணிக்கே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். "பாஸ்டரம்மாவே தூங்கினா சபை எப்படி விழிக்கும்?" என்று ஒரு தாயார் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அவமானமாயிருந்தது. வீட்டுக்கு வந்து அவளைக் கடிந்தேன். அதோடு விட்டேனா? அடுத்த உபவாசக் கூட்டத்தில் அவளை நடுவில் முழங்காற்படியிடச் சொல்லி, மந்தத்தின் ஆவியைக் கடிந்து ஜெபித்தோம். அவள் தலைமேல் முதலில் கை வைத்தவன் நான்தான்.

2024 பிப்ரவரியில் அவளுடைய அம்மா வந்து, "நீங்க ஜெபம் பண்ணுங்க மாப்பிள்ளை, நான் பிள்ளையை டாக்டரிடம் காட்டிட்டு வர்றேன்" என்று புவனகிரி வழியாகச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். நாலுக்குள்ளே இருக்கவேண்டிய டி.எஸ்.எச். அறுபதைத் தாண்டியிருந்தது. டி.பி.ஓ. எதிர்ப்பொருளும் மிக அதிகம். ஹஷிமோட்டோ என்று டாக்டர் பெயர் சொன்னார். காலையில் ஒரு மாத்திரை, அநேகமாய் ஆயுள் முழுக்க என்றார்.

இது என்ன வியாதி என்று சபைக்கு விளங்கச் சொல்லவேண்டும். கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தது போல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அரவைப் பருவத்தில் நம்மூர் சர்க்கரை ஆலைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும்: பாய்லரில் நெருப்புத் தணிந்தால் கரும்பு வண்டி எத்தனை வரிசையில் நின்றாலும் ஆலை ஓடாது. உடம்புக்கு அந்த நெருப்பின் அளவை வைக்கிறது தைராய்டு சுரப்பு. அது குறைந்தால் இருதயத் துடிப்பு மந்தமாகும், குடல் மந்தமாகும், மனசும் மந்தமாகும். அப்போது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, வேலை செய்யாத ஆளை மேஸ்திரி சத்தம் போட்டு அழைப்பது போல, டி.எஸ்.எச்.ஐ மேலும் மேலும் அனுப்பும். அந்தச் சத்தம்தான் அறுபது. நாங்கள் ஆவி என்று கடிந்தது இதைத்தான்.

சுரப்பி ஏன் கெட்டது? வெளிக்கிருமி வந்தால் அடிக்கும்படி கர்த்தர் நம் இரத்தத்தில் ஒரு காவல்படையை வைத்திருக்கிறார். சிலருக்கு அந்தப் படை தன் சொந்த அவயவத்தையே அந்நியன் என்று எண்ணி அடிக்கிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹக்காரு ஹஷிமோட்டோ நாலு ஸ்திரீகளின் தைராய்டை ஆராய்ந்து இதை முதன்முதல் எழுதினார். சொந்த உடம்பின் எதிர்ப்பொருளே காரணம் என்று லண்டனில் கண்டுபிடிக்க 1956 ஆயிற்று. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாய் வரும். பிள்ளை பெற்ற முதல் வருஷத்தில் தலைகாட்டுவதும் உண்டு. அயோடின் உப்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அயோடின் குறைவால் வருகிற கழுத்துக் கழலை வேறே, இது வேறே. ரகசிய பாவத்துக்கு வந்த தண்டனை என்று காதோடு காதாய்ச் சொல்லுகிறவர்கள் யோபின் சிநேகிதரிடம் கர்த்தர் கடைசியில் என்ன சொன்னார் என்று 42-ம் அதிகாரத்தில் வாசிக்கட்டும்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் அவள் முகம் தெளிந்தது. நானோ, அவளைக் கை வைத்து ஜெபித்த ஜெபம் கேட்கப்பட்டது என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். மாத்திரையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. போதகர் வீட்டிலேயே மருந்தா என்று கேட்பார்களே! அந்த மனநிலையில்தான் ஒரு ஞாயிறு, 2 நாளாகமம் 16-லிருந்து ஆசா ராஜாவைப் பற்றிப் பிரசங்கித்தேன். கால் வியாதியில் அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினானே, அந்த இடம். "உன் பரிகாரி டப்பாவுக்குள்ளே இல்லை" என்று மேஜையில் தட்டினேன். எத்தனை அல்லேலூயா! முன் வரிசையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரை மாதம் கழிந்தது. ஒரு புதன்கிழமை மாலை. நான் சபையில் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். ஆறு வயசு மகன் செருப்பில்லாமல் ஓடி வந்தான். "அப்பா, அம்மா எழுந்திருக்கவே மாட்டேங்குறாங்க, பால் கருகுது, நான் அடுப்பை அணைச்சுட்டேன்." ஓடினேன். வீடெல்லாம் புகை. குழந்தை அவள் மார்பில் பால் குடித்தபடி பாதி நழுவித் தரையில் கிடந்தது. தட்டித் தட்டி எழுப்பினேன். கண் திறந்து சுவரைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கழுவி, உளுந்து எடுக்க டப்பாவைத் திறந்தேன். பருப்புக்குள்ளே மாத்திரை டப்பா புதைத்திருந்தது, பாதிக்கு மேல் மாத்திரை அப்படியே.

"என்னங்க, நீங்க ஆசாவைப் பத்திப் பிரசங்கம் பண்ணின அன்னைக்கே நிறுத்திட்டேன். ஆண்டவர் என்மேல கோவமா இருக்காரோன்னு பயமா இருந்துச்சு. தூக்கிப் போடவும் மனசு வரலை. பிள்ளைக்குப் பால் குடுக்கணுமே" என்றாள்.

நான் ஏலியாவது ஆகியிருக்கலாம். அன்னாள் வாய் திறந்து தன் மனக்கிலேசத்தைச் சொன்ன உடனே ஏலி தன் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவளை ஆசீர்வதித்தான். எனக்கு ஒரு பால் பாத்திரம் கருக வேண்டியிருந்தது.

அன்றிரவு ஆசாவின் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். கர்த்தரை நம்பாமல் சீரிய ராஜாவுக்கு வெள்ளியும் பொன்னும் அனுப்பினவன் அவன். கடிந்துகொண்ட ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் போட்டான், ஜனத்தில் சிலரை ஒடுக்கினான். வியாதிப்படுக்கையிலும் அதே இருதயம். வைத்தியரிடம் போனதை வேதம் குற்றமாக எண்ணியிருந்தால், எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்த அதே அதிகாரத்தில் ஏசாயா ஏன் அத்திப்பழத்தை அடையாகப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னான் (2 இராஜாக்கள் 20)? வாக்குத்தத்தமும் வந்தது, பத்தும் வந்தது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் அந்தக் காலத்து மருந்தைச் சொல்லுகிறார். துரோப்பீமுவை வியாதியோடேயே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்கிறார். அவரோடு நடந்த லூக்கா வைத்தியன். இந்த வசனங்கள் வேதாகமக் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதினவைதான். மார்க் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை.

அப்படியானால் தேவன் இன்றைக்குச் சுகமாக்குகிறதில்லையா பாஸ்டர், என்று கேட்பீர்கள். சுகமாக்குகிறார்! யாக்கோபு 5-ன்படி எண்ணெய் பூசி ஜெபிப்பதை நம் சபை ஒருநாளும் விடாது. டாக்டர் கைவிட்டவர்கள் எழுந்து நடந்ததைக் கண்ணாரக் கண்டவன் நான். ஆனால் லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் எங்கே அனுப்பினார்? ஆசாரியனிடத்தில் காண்பிக்க அனுப்பினார். அவர் கொடுத்த சுகம் பரிசோதனைக்கு அஞ்சாது. உங்களுக்குச் சுகமானால் டாக்டரிடம் போங்கள், இரத்தம் கொடுங்கள், டி.எஸ்.எச். பாருங்கள், அவரே மருந்தைக் குறைக்கட்டும். அந்தச் சீட்டோடு வந்து சாட்சி சொல்லுங்கள், நானே முதலில் கை தட்டுவேன். மேடையில் நின்று மாத்திரையைத் தூக்கிப்போடுகிற சாட்சியை இனி நம் சபையில் அனுமதிக்க மாட்டேன்.

நம் விழுப்புரத்துக்கு அப்பாலுள்ள திண்டிவனத்தில் 1890-களில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மிஷனரி மகள் ஐடா ஸ்கடர், இராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர், தாயாருக்குச் சுகமில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஒரே இராத்திரியில் மூன்று வீட்டுப் புருஷர் ஒருவர்பின் ஒருவராய் வந்து, என் மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அவருடைய தகப்பனார் டாக்டர். ஆம்பளையை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடா ஜெபித்தார். விடிந்தபோது மூன்று தாய்மாரும் மரித்திருந்தார்கள். அந்த ஜெபத்துக்குக் கர்த்தர் கொடுத்த பதிலைப் பாருங்கள்: அவரை மருத்துவம் படிக்க அனுப்பினார். 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கின வேலைதான் இன்றைக்கு நாம் சி.எம்.சி. என்கிற ஆஸ்பத்திரி.

என் மனைவி சாப்பிடுகிற மருந்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு வற்றிப்போன 46 வயசு ஸ்திரீக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாய்ப் போட்டார். அந்த அம்மாள் இன்னும் 28 வருஷம் உயிரோடிருந்தார்கள். அந்தச் சுரப்பைத் தைராக்சின் என்ற சுத்தப் பொருளாக அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்தது 1914 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று. இந்தத் தேதியை வாசித்தபோது நான் எழுந்து நின்று ஸ்தோத்திரித்தேன். நீங்கள் சிரித்தாலும் சரி.

சகோதரிகளே, டாக்டர் எங்களுக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடவேண்டும். காப்பி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. பால் கொடுக்கிற தாய் சாப்பிட்டால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அளவைக் கூட்டுவார்கள். முதல் மூன்று மாதம் கருவிலுள்ள பிள்ளையின் மூளை, தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான் வளருகிறது. அந்தச் சமயத்தில் விசுவாசம் என்ற பெயரால் நிறுத்தினால் பாரம் சுமப்பது வாய் பேசாத அந்தச் சிசு.

இப்போது அன்னாளிடம் திரும்புவோம். சாமுவேல் பிறந்த பின் வருஷாந்தரப் பலிக்கு வீட்டார் எல்லாரும் சீலோவுக்குப் போகிறார்கள். அன்னாள் போகவில்லை. பிள்ளை பால் மறக்கட்டும், பிறகு கொண்டுவருகிறேன் என்று எல்க்கானாவிடம் சொல்லி, வீட்டிலேயே இருந்தாள். அந்தக் காலத்தில் அது இரண்டு மூன்று வருஷமாவது இருக்கும். பொருத்தனை பண்ணினவள்! எல்க்கானா உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி செய் என்றான். பின்வாங்கிப்போனாள் என்று வேதத்தில் ஒரு எழுத்தும் இல்லை. யாக்கோபும் ஏசாவிடம் இதைத்தான் சொன்னான்: பிள்ளைகள் இளசு, ஆடுமாடுகள் கறவையாயிருக்கிறது, ஒரு நாள் வேகமாய் ஓட்டினால் மந்தையே சாகும், அவைகள் கால்நடைக்குத் தக்கதாய் மெல்ல வருகிறேன் என்றான் (ஆதியாகமம் 33). நம் சபையின் நடை யார் காலுக்கு ஏற்றதாய் இருந்தது? காலை ஐந்து மணி ஜெபம், வெள்ளி உபவாசம், மாதம் ஒரு முழு இரவு. இவைகளில் பாயில் உட்கார்ந்தவர்களை எண்ணினோம். பால் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவளை எண்ணவில்லை. எல்க்கானா சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று.

வேறே சிலவும் மாறியிருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் சுட வைக்கிறவன் இப்போது நான். மாத்திரையை அவள் கையில் கொடுத்து, தலைமேல் கை வைத்து, "ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்" என்று ஒரே வரி ஜெபிக்கிறேன். முதல் நாள் அவள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "இந்தக் கை அன்னைக்கு ரொம்பக் கனமா இருந்துச்சுங்க" என்றாள். டப்பா இப்போது உளுந்துக்குள் இல்லை, ஜன்னலோரம் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற விசுவாசிகள் பார்க்கட்டும்.

குரல் முழுவதும் திரும்பவில்லை. முதல் பாட்டை இன்னொரு சகோதரி எடுத்துக் கொடுக்கிறாள், இவள் பின்னாலே பாடுகிறாள். சில நாள் காரணமில்லாமல் அழுகிறாள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய்ச் சாட்சி.

வருகிற வெள்ளி முதல் சகோதரிகளின் உபவாச ஜெபம் காலை பத்து மணிக்குத் தொடங்கும். மருந்து சாப்பிடுகிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் கஞ்சி குடித்துவிட்டே வாருங்கள், பின்னறையில் தொட்டில் கட்டியிருக்கும். மாத்திரையை மறைத்து வைத்திருக்கிற சகோதரி யாராவது இருந்தால் என் மனைவியிடம் தனியாகப் பேசுங்கள், என்னிடம் சொல்லவேண்டும் என்ற கட்டாயமில்லை. அடுத்த மாதம் முதல் வாரத்தில் அவளுக்கு மறுபடியும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஜெபக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.