இறங்கத் தெரிந்தவரின் மலை

கனடாவின் விஸ்லர் மலையில், பனிக்காலத்தில் சறுக்கு விளையாட்டுக்காரர்களை மேலே கொண்டுபோகும் கம்பிவட இருக்கைகள் கோடையில் சைக்கிள்களைச் சுமக்கின்றன. 1999 முதல் அங்கே இதற்கென்றே ஒரு பூங்கா நடக்கிறது. ஏறுவது இயந்திரத்தின் பாடு. இறங்குவது மட்டும் மனிதன் பாடு. நம் பிள்ளைகளுக்கும் இப்போது அந்த ஆசை வந்திருக்கிறது: இரண்டு நாள் விடுமுறை, ஒரு மலை, மேலே கொண்டுபோய் விட ஒரு வண்டி, பிறகு காற்றோடு காற்றாகக் கீழே வருவது. திருவண்ணாமலைப் பக்கம் அப்படி ஒரு பயணம் போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடுங்கள் என்பேன். அந்தப் பயணத்தில் அண்ணாமலைக்கு என்ன இடம் என்பதை மட்டும் முதலில் மனத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றிவிடப்படுவதில் குறைவு எதுவும் இல்லை. பழனியில் 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. 2004-இல் ரோப் கார் வந்தது. சோளிங்கர் யோக நரசிம்மரைக் காண 1,305 படி ஏற வேண்டும்; அங்கும் 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. முழங்கால் தேய்ந்துபோன ஒரு பாட்டி வாழ்நாளின் கடைசியில் நரசிம்மர் முன் நின்று கை கூப்புகிறாள் என்றால், அந்தக் கம்பிவடத்தை அருள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நம்முடைய ஏற்றங்களில் எது நாமே ஏறியது? பெற்றவள் தூக்கினாள், படிப்பித்தவர் தூக்கினார், முகம் தெரியாத யாரோ ஒருவர் நெருக்கடியில் கை கொடுத்தார். மேலே வந்து சேர்ந்தபின் நாம் என்ன செய்கிறோம், எப்படி இறங்குகிறோம் என்பதுதான் நம் கணக்கில் எழுதப்படுகிறது.

அண்ணாமலையில் விஞ்சும் இல்லை, ரோப் காரும் இல்லை. 2,668 அடி உயரமுள்ள இந்த மலையே லிங்கம் என்பது நம்பிக்கை. ஆகவே இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் உச்சியைத் தேடுவதில்லை. அடிவாரத்தைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். கார்த்திகைத் தீபத்துக்குக்கூடக் கொப்பரையை மேலே கொண்டுபோவது மனிதத் தோள்களே. தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலையின் சரிவு இடிந்து அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் போயின. அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. அந்த முடிவு சரியானது. தாங்குகிற மலைக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு.

இந்த மலையில் ஏறி இறங்கியவர்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்பவர் ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதுப் பிள்ளையாக இந்த ஊருக்கு வந்தார். கோயிலில் இருந்தார், பிறகு மலைக்குப் போனார். விருபாட்ச குகையில் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள். 1916-இல் அதற்கும் மேலே, கந்தாசிரமம். அங்கே நின்றால் கோபுரங்களும் பிராகாரங்களும் கீழே விரித்துவைத்ததுபோல் தெரியும். சுனை நீர் உண்டு, நிழல் உண்டு. ஒரு துறவிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் 1922 மே மாதம் தாயார் அழகம்மாள் மறைந்தார். உடலை அடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். மகன் மேலிருந்து அந்தச் சமாதிக்கு இறங்கி வந்து வந்து போனார். அந்த ஆண்டின் இறுதியில் ஒருநாள் வந்தவர் திரும்பி ஏறவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். 1950 ஏப்ரல் 14 வரை, இருபத்தேழு ஆண்டுகளுக்கும் மேலாக, எவரும் நடந்து வந்து பார்க்கக்கூடிய தரைமட்டத்தில் இருந்தார். அவரைத் தேடி உலகம் வந்தது பெரும்பாலும் அந்த இறக்கத்துக்குப் பிறகுதான். ஞானியின் உயரம் இறங்கியதால் குறையவில்லை. மற்றவர்களுக்கு எட்டும்படி ஆயிற்று.

ஆகவே உங்கள் முதல் நாளைக் காலுக்குக் கொடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கே, வெயில் ஏறும் முன், செருப்பில்லாமல் கிரிவலம் கிளம்புங்கள். சாலையின் இடப்பக்கம் நடப்பது மரபு; மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் விடப்பட்டது. நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல நடக்கவேண்டும் என்பார்கள் பெரியவர்கள். வேகத்தை நேசிக்கும் இளைஞனுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது. வழியில் ஆதி அண்ணாமலைக் கோயிலில் சற்று உட்காருங்கள். மலை அங்கே வேறு முகம் காட்டும்.

இரண்டாம் நாள் ஜவ்வாது மலை. போளூரில் ஒரு குட்டியானை வண்டி பேசி, சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூர் போகலாம். சாமை விளையும் மலை அது. பீமன் அருவியும் அங்கேதான். புறப்படும் முன் இரண்டு பிரேக்கையும், சக்கரக் காற்றையும், ஹெல்மெட் வாரையும் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கிப் பிடித்திருந்தால் அது சூடேறிப் பிடிமானம் தளரும். வளைவுக்கு முன்பே அழுத்தி, வளைவில் விட்டுக்கொடுக்க வேண்டும். கண் முன்சக்கரத்தில் நிற்காமல் தூரத்தில் இருக்கட்டும். முன்தினம் மெல்ல நடந்த கால் இப்போது உங்களுக்கு உதவும். பயத்தில் இறுகாமலும் ஆசையில் கட்டவிழாமலும் இருக்கும் அந்த நடுநிலையைத் தியானம் என்று நான் சொன்னால் நம்புவீர்களா? ஒரு கொண்டை ஊசி வளைவில் அது உங்களுக்கே தெரியவரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கந்தாசிரமத்துக்குப் போகும் கற்பாதையில் சக்கரத்தை ஏற்றாதீர்கள். பௌர்ணமியன்று கிரிவலச் சாலைக்குச் சைக்கிளோடு வராதீர்கள். அன்று அது லட்சக்கணக்கான பாதங்களுக்கு உரிய சாலை.