நாங்கள் என்று சொல்ல எத்தனை பேர் வேண்டும்?

தாத்தா இறந்து இரண்டு வருடம் கழித்தும் ஆச்சி, "நாங்க ராத்திரி காப்பி குடிக்கிறதில்லய்யா" என்பாள். வாய் பழக்கம்னு விட்டுவிடுவேன். ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜ் பற்றிப் படிக்கும்வரை.

ஜெனிசிஸ் 1950-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். த்ராபிங் கிரிஸில் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1990களில் நியூயார்க்கில் லேடி ஜேயைச் சந்தித்தார், பிறகு மணந்தார். இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர்: ப்ரேயர் பி-ஆரிட்ஜ். அவர்களுக்கு முன்னால் வில்லியம் பரோஸும் பிரையன் கைசினும் எழுதிய பக்கங்களைக் கத்தரித்து, மாற்றி ஒட்டிப் புதுப் பிரதிகள் செய்திருந்தார்கள். இருவர் சேரும்போது மூன்றாவதாக ஒரு மனம் பிறக்கிறது என்பது அவர்கள் எண்ணம். ஜெனிசிஸும் ஜேயும் அதே கத்தரியைத் தங்கள் உடம்பில் வைத்தார்கள். 2003 காதலர் தினத்தன்று இருவரும் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். பிறகு முகத்திலும் சிகிச்சைகள், ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி முடி. ஆணும் பெண்ணுமாக இருந்தவர்கள் சேர்ந்து ஒரே ஆளாக வேண்டும். அந்த ஆளுக்குப் பேண்ட்ரோஜின் என்று பெயர். உடனே அர்த்தநாரீஸ்வரர் ஞாபகம் வரும். அங்கே நடுவில் கோடு தெரியும். இவர்கள் அழிக்கப் பார்த்ததே அந்தக் கோட்டைத்தான்.

எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. ஆபீசில் இரண்டு பேர் எழுதிய நிரலை மெர்ஜ் பண்ணினாலும், எந்த வரி யாருடையது என்பது கிட்டில் அழியாது. காதலில் அழிக்கலாமா? 'ரெண்டு பேரும் ஒண்ணு' என்று சொல்லி ஒருவர் மற்றவருக்குள் காணாமல் போவதை எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று. சந்தேகப்பட இன்னொரு காரணமும் உண்டு. ஜெனிசிஸின் முன்னாள் துணையும் அதே இசைக்குழுவில் இருந்தவருமான கோசி ஃபான்னி டுட்டி, 2017-இல் வந்த தன்வரலாற்றில் ஜெனிசிஸ் தன்னைத் துன்புறுத்தியதாக எழுதினார். ஜெனிசிஸ் மறுத்தார். ஆனால் ஜேயோடு செய்த கலையில் கத்தி இருவர் மேலும் பட்டது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2007-இல் ஜே இறந்தார். அதற்குப் பிறகும், 2020-இல் தான் இறக்கும்வரை, ஜெனிசிஸ் தன்னை 'வீ' என்றே சொல்லிக்கொண்டார். இங்கேதான் எனக்குச் சிக்கல். உயிரோடிருக்கிற ஜே நாளைக்கே "எனக்கு இது போதும்" என்று சொல்லலாம். இறந்தவர் மனம் மாற முடியாது. அவர் சார்பில் பேசுவது விசுவாசமா, ஆக்கிரமிப்பா?

ஆங்கிலத்தில் ஒரே 'வீ'தான். தமிழில் எதிரில் இருப்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். ஜெனிசிஸ் உலகத்திடம் சொன்னது 'நாங்கள்'. ஜே உள்ளே, கேட்கிற நாம் வெளியே. அந்தச் சொல்லைச் சாட்சி வைத்துச் சொல்லலாம், கலையாக்கலாம், நானும் சந்தேகப்படலாம். ஆனால் ராத்திரி தனியாக ஜேயிடமே பேசியிருந்தால் அது 'நாம்' என்றல்லவா வந்திருக்கும்? ஜே கேட்கிறார் என்று நம்பாமல் அதைச் சொல்ல முடியாது. பார்க்க ஆளில்லாத இடத்தில் நடிப்புக்கு என்ன வேலை?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடிகாலையில் அடுப்படியில் டப்பா திறக்கும் சத்தம். ஆச்சி எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நான் எழுந்தது அவளுக்குத் தெரியாது.

"சீனி தீந்துபோச்சே, நாம பாக்கவே இல்லையே" என்றாள்.