ஏமாந்தவர் மீது எழுந்த சிரிப்பு

2017 ஏப்ரல் 27 இரவு ட்விட்டரில் ஒரு புகைப்படம் பரவியது. வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிக்குள் ரொட்டித் துண்டுகள், அவற்றின் மேல் சீஸ் வில்லைகள், ஓரத்தில் கொஞ்சம் பச்சைக் காய்கறி. பஹாமாஸ் நாட்டின் கிரேட் எக்சூமா தீவில் நடப்பதாக இருந்த ‘ஃபயர் ஃபெஸ்டிவல்’ ஆடம்பர இசை விழாவுக்குப் போனவர்களுக்குக் கிடைத்த சாப்பாடு அது. உல்லாசப் படகு, கடலோரத் தங்குமிடம், தேர்ந்த சமையற்கலைஞர்களின் விருந்து என்று நம்பிப் போனவர்களுக்காகப் பேரிடர் நிவாரணக் கூடாரங்கள் காத்திருந்தன. அன்று காலை பெய்த மழையில் மெத்தைகள் ஊறிக் கிடந்தன. அவர்களுடைய பெட்டி படுக்கைகள் ஒரு கன்டெய்னரிலிருந்து இருட்டில் கீழே எறியப்பட்டன. திரும்பிப் போக விமானம் கிடைக்காமல் பலர் சிறிய விமான நிலையத்திலேயே இரவைக் கழித்தார்கள். அதே இரவில், அதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த உலகம் வாய்விட்டுச் சிரித்தது.

இவர்களுக்கு நன்றாக வேண்டும் என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். நுழைவுச்சீட்டு ஏறக்குறைய 500 டாலரில் தொடங்கியது. விமானப் பயணமும் தங்குமிடமும் சேர்ந்த சிறப்புத் தொகுப்புகள் 12,000 டாலர் வரை போயின. அவ்வளவு பணத்தை மூன்று நாள் கேளிக்கைக்குக் கொடுக்க முடிந்தவர் ஒரு ராத்திரி பசித்திருந்தால் குடி முழுகிவிடுமா என்று கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பரிவு காட்டுவதற்கும் மனிதனிடம் ஓர் அளவுண்டு. வீடிழந்தவரையும் விடுமுறை இழந்தவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னால் எந்த மனமும் மறுக்கும், மறுப்பதும் சரிதான்.

ஆனால் சிரித்தவர்கள் பரிவைக் குறைத்ததோடு நிற்கவில்லை, பழியையும் இடம் மாற்றினார்கள். இந்த இரண்டும் வெவ்வேறு காரியங்கள். இழந்தவர் எவ்வளவு நொந்திருக்கிறார், எவ்வளவு வசதியானவர், நம் மனதுக்குப் பிடித்தவரா என்பதைப் பொறுத்துப் பரிவு கூடலாம், குறையலாம். பழி அப்படியல்ல. அது செய்தவரையும் செய்த செயலையும் மட்டுமே பொறுத்தது. ஏமாந்தவர் பகட்டுக்காரர் என்பதால் ஏமாற்றியவரின் குற்றத்தில் ஒரு குன்றிமணி எடையும் குறைவதில்லை. நமக்குப் பிடிக்காதவருக்கும் நீதி உண்டு. சொல்லும்போது எல்லோரும் தலையாட்டும் இந்த உண்மை, பிடிக்காதவர் ஒருவர் நிஜமாகவே ஏமாந்து நிற்கும்போது முதலில் மறந்துபோகிறது.

என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். கலைஞர்களை நிகழ்ச்சிகளுக்கு ஒப்பந்தம் செய்ய உதவும் ஒரு செயலியைப் பிரபலப்படுத்த பில்லி மெக்ஃபார்லண்ட் என்ற இளம் தொழிலதிபரும் ராப் பாடகர் ஜா ரூலும் இந்த விழாவை அறிவித்தார்கள். பெல்லா ஹடீட், எமிலி ரடாய்கோவ்ஸ்கி போன்ற மாடல்களை வைத்து நார்மன்ஸ் கே என்ற சிறு தீவில் விளம்பரப் படம் எடுத்தார்கள். போதைப்பொருள் தாதா பாப்லோ எஸ்கோபாருக்குச் சொந்தமாக இருந்த தனித்தீவு என்று விளம்பரம் சொன்னது. விழாவுக்குக் கடைசியில் கிடைத்த இடமோ வேறு தீவில், ஒரு பெரிய விடுதிக்கு அருகே, முழுதாகச் சமன்செய்யப்படாத சரளைத் தரை. எக்சூமாவின் ஜார்ஜ்டவுனில் ஆண்டுதோறும் நடக்கும் படகுப் போட்டியும் அதே வாரத்தில்தான் வந்தது. அந்தச் சமயத்தில் தீவில் அறை கிடைப்பது அரிது என்பது உள்ளூர்க்காரர் எவருக்கும் தெரியும். கடைசி வாரங்களில், விழாவில் ரொக்கம் செல்லாது, மணிக்கட்டுப் பட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போனது. நாளொன்றுக்கு 300 முதல் 500 டாலர் வரை ஏற்றச் சொன்னார்கள். அப்படி வந்த பணத்தில் ஒரு பகுதி பழைய கடனை அடைக்கப் போனது. திட்டம் போடத் தெரியாமல் சொதப்பியவர்கள் என்ற கணக்கில் இதை எழுதிவிட முடியாது.

முதலீட்டாளர்கள் ஏமாந்த கதை இன்னும் தெளிவானது. தன்னிடம் 25 லட்சம் டாலருக்கு மேல் பெறுமானமுள்ள பங்குகள் இருப்பதாக மெக்ஃபார்லண்ட் ஓர் ஆவணத்தைக் காட்டினார். உண்மையில் அவரிடம் இருந்தவை 1,500 டாலர்கூடப் பெறாது. 80-க்கு மேற்பட்ட முதலீட்டாளர்கள் இழந்தது 2.4 கோடி டாலருக்கு மேல். வக்கீலும் கணக்காயரும் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களே அந்தக் காகிதத்தைப் பார்த்து நம்பினார்கள். அப்படியிருக்க, 500 டாலர் சேர்த்து வைத்துத் தோழியோடு கடற்கரைக்குப் போன இருபத்திரண்டு வயதுப் பெண்தான் உலக மகா முட்டாள் என்று தீர்ப்பெழுதுவது எந்த விதத்தில் சரி?

முன்னெச்சரிக்கைகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஒப்பந்தப்படி கலைஞர்களுக்குப் பணம் போய்ச்சேரவில்லை என்று ஏப்ரல் தொடக்கத்திலேயே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ எழுதியது. கவனித்தவர் சுதாரித்திருக்கலாம். கவனிக்காதவரை ஏமாளி என்று சொல்லிக்கொள்ளட்டும். ஏமாளித்தனம் ஒரு குறை, குற்றமல்ல. அந்தக் குறையை உடையவருக்கு அதற்குரிய தண்டனையும் கிடைத்துவிட்டது, பணம் போனதே அதுதான். அதற்கு மேல் ஊர் கூடி அவரை எள்ளி நகையாடுவது, நடந்த அநியாயத்தில் பார்வையாளர்களும் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்வதாகும்.

ஏமாந்தவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்றும் சொல்ல வேண்டியதில்லை. இந்த விழாவைப் பற்றிப் பின்னாளில் வந்த ஓர் ஆவணப்படத்தில் விழாவுக்குப் போன ஒருவர், பக்கத்தில் யாரும் வந்து தங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சுற்றியிருந்த கூடாரங்களைக் கிழித்ததையும் மெத்தைகளில் சிறுநீர் கழித்ததையும் கேமரா முன் சொல்கிறார். தன்னைப் போலவே ஏமாற்றப்பட்டு, அந்த இரவில் படுக்க இடம் தேடியவர்களுக்கு அவர் செய்தது அது. அந்தச் செயலுக்கான பழி அவரையே சேரும். இந்தப் பழியையும் மெக்ஃபார்லண்டின் கணக்கில் சேர்க்க முடியாது. மெக்ஃபார்லண்டின் பழியை இதைக் காட்டிக் குறைக்கவும் முடியாது.

ஏளனத்தால் விளைந்த கேடு ஒன்று உண்டு, அது அதிகம் பேசப்படவில்லை. 2017 ஜூன் இறுதியில் மெக்ஃபார்லண்ட் கைதாகி ஜாமீனில் வெளிவந்தார். ஜாமீனில் இருந்தபடியே இன்னொரு நிறுவனத்தின் பெயரில், மெட் காலா போன்ற நிகழ்ச்சிகளுக்கு இல்லாத நுழைவுச்சீட்டுகளை விற்கத் தொடங்கினார். கிராமி விருது விழாவுக்கென்று விமானம் ஏறி வந்தவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த விற்பனை மின்னஞ்சல்கள் ஃபயர் விழாவுக்குப் பணம் கட்டியவர்களையும் தேடிப் போயின. ஒருமுறை ஏமாந்தவரின் முகவரி மோசடிக்காரனுக்குப் பொக்கிஷம். ஏமாந்ததைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று தெரிந்தவர் வாய் திறக்கமாட்டார், புகார் கொடுக்கக் கூசுவார், வீட்டில்கூட மறைப்பார். அந்த மௌனத்தின் நிழலில்தான் அடுத்த மோசடி வளர்கிறது. ஏமாற்றியவன் வெட்கப்பட வேண்டிய இடத்தில் ஏமாந்தவரை வெட்கப்பட வைக்கும் சமூகம், தன்னை அறியாமலே மோசடிக்குத் துணைபோகிறது.

இனி, முகத்தை வாடகைக்கு விட்டவர்கள். 2016 டிசம்பர் 12 அன்று சமூக ஊடகப் பிரபலங்கள் பலர் ஃபயர் விழாவுக்காக இன்ஸ்டாகிராமில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓர் ஆரஞ்சு நிறக் கட்டத்தைப் பதிவிட்டார்கள். பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்கு அது விளம்பரமாகவே தெரியவில்லை. நாம் விரும்பும் ஒருவர் போகும் இடத்துக்கு நம்மையும் கூப்பிடுகிறார் என்றே தோன்றியது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பாராட்டுவோர் அதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நெறிமுறை. விழாவுக்கு ஒரு வாரம் முன்புகூட அந்த ஆணையம், தான் அனுப்பிய 90-க்கு மேற்பட்ட நினைவூட்டல் கடிதங்களைப் பற்றி அறிவித்திருந்தது. ஃபயர் பதிவுகளில் பெரும்பாலானவை அந்த நெறிமுறையைக் கண்டுகொள்ளவில்லை.

எங்களுக்குத் தெரியாது, நாங்களும் நம்பினோம் என்பது அவர்கள் தரப்பு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் போதாது. கூலி வாங்காமல் நண்பரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னவருக்குத் தெரியாது என்ற சொல் முழுக் கவசம். அந்த நல்ல வார்த்தையையே விலைக்கு விற்றவருக்கு அது பாதிக் கவசம்தான். அவர் விற்றது தன்னை நம்பும் இளைஞர்களின் நம்பிக்கையை. விற்பதற்கு முன் விசாரிக்கும் கடமை அந்த விலையிலேயே அடங்கியிருக்கிறது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய் என்று யாரும் கேட்கவில்லை. விழா எந்தத் தீவில், அங்கே தண்ணீரும் கழிப்பறையும் உண்டா, பாடுபவர்களுக்கு முன்பணம் போயிற்றா என்று கேட்டிருந்தாலே போதும். அந்த டிசம்பரில் இவற்றில் ஒன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்திருக்காது.

இவர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. இலவச நுழைவுச்சீட்டுக்காக ஒரு கட்டத்தைப் பதிவிட்ட சிறியவர் பாதி குற்றவாளி, பாதி பலியாள். அவரும் நனைந்த மெத்தையில்தான் படுத்தார். கெண்டல் ஜென்னரின் நிலை வேறு. அவருக்கு ஒரு பதிவை மையமாக வைத்து 2,50,000 டாலருக்கு மேல் போனதாக விழா நிறுவனத்தின் திவால் நடவடிக்கையைக் கவனித்த பொறுப்பாளர் வழக்குத் தொடர்ந்தார். 2020-இல் 90,000 டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது. பெல்லா ஹடீட் விழா கலைந்த உடனேயே பொதுவில் வருத்தம் தெரிவித்தார், அதை மதிக்கலாம். ஆனால் வருத்தத்தின் எடையை அறிய வாங்கிய பணம் எங்கே போனது என்றுதான் பார்க்க வேண்டும். அறநோக்கில் அந்தப் பணம் வழக்கு வரும்வரை காத்திருந்திருக்கக் கூடாது.

இத்தனையும் நுழைவுச்சீட்டு வாங்கியவர், விற்றவர், பரப்பியவர் பற்றியது. எக்சூமாவின் உழைப்பாளர்கள் இந்தக் கதையில் வெகுநேரம் வரவே இல்லை. கூடாரம் அடித்தவர்கள், மண் சுமந்தவர்கள், இரவுபகலாகக் கட்டுமான வேலை பார்த்தவர்கள் அந்தத் தீவின் கூலித் தொழிலாளர்கள். விழா கலைந்ததும் அமைப்பாளர்கள் போய்விட்டார்கள், கூலி வரவில்லை. உள்ளூரில் உணவகம் நடத்திவந்த ஒரு பெண்மணி விழாக் குழுவுக்கும் வேலையாட்களுக்கும் நாள் முழுக்கச் சமைத்துப் போட்டார். முதல் நாள் வந்திறங்கிய விருந்தினர்களை, இடம் தயாராகவில்லை என்பதால் மணிக்கணக்காக உட்காரவைத்ததும் அவருடைய உணவகத்தில்தான். தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தன் சேமிப்பிலிருந்து 50,000 டாலரை எடுத்ததாக அவர் பிறகு ஆவணப்படத்தில் சொன்னார். சொல்லும்போது அவரால் கண்ணீரை அடக்க முடியவில்லை.

இவர்கள் யாரும் விளம்பரப் படம் பார்த்து மயங்கவில்லை, உல்லாசத்துக்கு ஆசைப்படவில்லை. வேலை செய்தார்கள், கூலி கேட்டார்கள். பணக்காரப் பிள்ளைகளைப் பார்த்து உலகம் சிரித்துக்கொண்டிருந்த கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகளும் இவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஏளனம் பலியானவரைக் காயப்படுத்துவதோடு முடிவதில்லை. கேமரா எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது. 2019 ஜனவரியில் அந்த ஆவணப்படம் வெளியான பிறகு அந்தப் பெண்மணிக்காக இணையத்தில் நிதி திரட்டப்பட்டு 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களின் ஈரமான நெஞ்சை வணங்கத் தோன்றுகிறது. ஆயினும் அது கடன் திரும்பியதாகாது. அவருக்கு வர வேண்டியது கடன்பட்டவனின் பணம். வந்ததோ, எதுவும் கடன்படாத அந்நியர்களின் கொடை. கேமராவின் முன் அழ வாய்க்காத கூலிக்காரருக்கு அப்படி ஒரு கொடையும் வந்து குவியவில்லை.

சட்டம் தன் வேலையைச் செய்தது. 2018 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றம் மெக்ஃபார்லண்டுக்கு ஆறு ஆண்டுச் சிறையும் 2.6 கோடி டாலர் பறிமுதலும் விதித்தது. 2021-இல் 277 நுழைவுச்சீட்டுக்காரர்களுக்குத் தலா 7,220 டாலர் என்று ஒரு சமரசம் எட்டப்பட்டது. அது அவர்கள் உரிமை. யாரும் பொறாமைப்பட வேண்டாம். ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தில் கூட்டாக வழக்குப் போடும் வழி தெரிந்தவருக்கு ஒரு தொகை தீர்மானமாகிறது, எக்சூமாவில் மண் சுமந்தவருக்கு அப்படி எதுவும் தீர்மானமாகவில்லை என்றால், யாருக்காக முதலில் வருந்துவது என்ற கேள்வியைவிட யாருடைய பாக்கியை முதலில் தீர்ப்பது என்ற கேள்விதான் பெரிது.

2022-இல் சிறையிலிருந்து வெளிவந்த மெக்ஃபார்லண்ட் அடுத்த ஆண்டே இரண்டாம் ஃபயர் விழாவை அறிவித்தார். மெக்சிகோவில் நடக்கும் என்று சொல்லப்பட்ட அது தள்ளிப்போடப்பட்டது. 2025 ஜூலையில் ‘ஃபயர்’ என்ற வணிகப் பெயரே ஈபே ஏலத்தில் 2,45,300 டாலருக்கு விலைபோனது. ஒரு நல்ல இசை நிகழ்ச்சியைக்கூட நடத்தாத பெயருக்கு இத்தனை மதிப்பு வந்தது, உலகம் சேர்ந்து சிரித்து அதைப் புகழாக்கியதால்தான். அந்தப் புகழில் இருந்து வரும் எந்த வருமானத்திலும் முதல் உரிமை, கூலி வாங்காமல் வீட்டுக்குப் போன எக்சூமாவின் தொழிலாளர்களுக்கே உண்டு. அதைக் கொடுக்கும் கடமை உங்களுடையது என்று இதுவரை எந்த நீதிமன்றமும் விற்றவரிடமோ வாங்கியவரிடமோ சொல்லாமல் இருக்கலாம். அறம் அதைச் சொல்லத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.