வானிலிருந்து பார்க்கும் கமெரா சாட்சியா?

பேரிடர் நடந்த இடத்தை ஹெலிகொப்டரிலிருந்து படம்பிடித்துக் காட்டும் தொலைக்காட்சி, தன்னை வெறும் சாட்சி என்று சொல்லிக்கொள்கிறது. சாட்சி என்பது நம் தத்துவ மரபில் கனமான கருத்து. அந்தப் பெயருக்குக் கமெரா தகுதி உடையதா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இந்த வழக்கம் 1958இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. கேடிஎல்ஏ நிலையப் பொறியியலாளர் ஜோன் டி. சில்வா ஹெலிகொப்டரில் கமெராவைப் பொருத்தி நேரலை அனுப்பினார். இலங்கையின் மலையகம் அந்தக் கண்ணில் வெகுகாலம் படவில்லை. 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசிய ஹஜ் பயணிகளை ஏற்றிவந்த விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்த கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தனர். நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான்.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தன. வானிலிருந்து பார்த்தால் பச்சை மலையில் செம்மண் கோடு ஒன்று தெரியும். எத்தனை பேர் புதையுண்டார்கள் என்பது தெரியாது. நூற்றுக்கும் மேல் என்று முதலில் பரவிய எண்ணிக்கை பின்னர் வெகுவாகக் குறைந்தது. எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது என்பதெல்லாம் பக்கத்து லயத்துக்காரருக்குத்தான் தெரியும். அபாய எச்சரிக்கை முன்பே வந்திருந்தும் சனங்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்பதையும் வான்படம் சொல்லாது. தோட்டத் தொழிலாளிக்குப் போய்க் குடியேறச் சொந்தக் காணி இல்லை.

முண்டக உபநிடதம் ஒரே மரத்தில் இரண்டு பறவைகளைக் காட்டுகிறது. ஒன்று கனியைத் தின்கிறது. மற்றது தின்னாமல் பார்த்திருக்கிறது. பார்க்கும் பறவைக்கு அதனால் ஆதாயம் இல்லை. மரத்தை அது அசைப்பதும் இல்லை. செய்தி ஹெலிகொப்டருக்கு இரண்டுமே பொருந்தவில்லை. விளம்பர வருமானம் அதற்குக் கிடைக்கும் கனி. அதன் இரைச்சலோ, மண்ணுக்குள்ளிருந்து குரல் வருகிறதா என்று காதுகொடுக்கும் மீட்பாளருக்கு இடைஞ்சல்.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி போகிறது. அங்கே இறைவன் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவன் அல்லன், ஐந்தொழில் புரிபவன். அவற்றில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருளே. உயிர் பக்குவப்படும்வரை மறைத்துவைப்பதையே சாத்திரம் அப்படிச் சொல்கிறது. செய்திக்கு அதை நீட்டுவது சற்று இழுப்புத்தான். ஆனாலும், எல்லாவற்றையும் காட்டிவிடுவதே நன்மை என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது நரிமன் இல்லத்தின் கூரையில் கமாண்டோக்கள் ஹெலிகொப்டரிலிருந்து இறங்கியதை அலைவரிசைகள் நேரலையாகக் காட்டின. தாக்குதல்காரரை எல்லைக்கு அப்பாலிருந்து இயக்கியவர்களும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012இல், தாக்குதல்காரரில் ஒருவரான கசாபின் வழக்குத் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தாக்குதலின் நேரலை ஒளிபரப்பைக் கடுமையாகக் கண்டித்தது.

எந்தப் பாதை அறுந்தது, எந்தத் தோட்டம் துண்டிக்கப்பட்டது என்று நிவாரணக்காரருக்குக் காட்ட வான்படம் வேண்டும். அதை மறுக்க எந்தச் சமயத்திலும் காரணம் இல்லை. ஆனால் உறவினர் அடையாளம் காணுமுன்பே சடலத்தை நாடு முழுவதற்கும் காட்டும் நேரலைக்குச் சாட்சி என்ற பெயரை வேதாந்தமும் தராது, சித்தாந்தமும் தராது.