மேம்படுத்து என்பது பிறவினை

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு ஆறு நாள் முன்பு, 14-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. சென்னையிலிருந்து சனிக்கிழமை காலையில் பழங்காநத்தம் ரவுண்டானாவில் இறங்கியபோது என் பையில் அப்பாவுக்கு வேட்டி சட்டையோடு ஒரு மதர்போர்டு, ஒரு பிராசசர், எட்டு ஜிபி ரேம், ஓர் எஸ்.எஸ்.டி எல்லாம் இருந்தன. வேட்டி எடுக்கும்போது கரை என்ன கலர் வேண்டும் என்று போன் போட்டுக் கேட்டேன். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவின் கணினி 2013-இல் அசெம்பிள் செய்தது. ஐ3, நாலு ஜிபி ரேம். விண்டோஸ் 7-ஆகப் பிறந்து, இலவசமாகக் கொடுத்த காலத்தில் விண்டோஸ் 10-க்கு ஏறியது. விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் காலாவதி. நம் ஊரில் கேபினட்டையும் மானிட்டரையும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுவது சாதாரணம். சனிக்கிழமை இரவு அப்பா தூங்கியபிறகு முன்ரூமில் உட்கார்ந்து மாற்றினேன். டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் பென்டிரைவில் எடுத்தேன். பழைய ஹார்ட்டிஸ்க்கை இரண்டாவது டிரைவாக மாட்டி, சுத்தமாக இருக்கட்டும் என்று ஃபார்மட் அடித்து, சோதனைக்காகப் பெரிய பெரிய படங்களை அதில் நிரப்பினேன். மணி மூன்று. ஒரு நல்ல காரியம் செய்த களைப்பில் தூங்கினேன்.

அப்பா எதையும் டாகுமென்ட்ஸில் வைப்பதில்லை. முதன்முதலில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவர் எங்கே சேமிக்கச் சொன்னாரோ அங்கேயேதான் கடைசிவரை சேமித்திருக்கிறார்: சி டிரைவில், பேஜ்மேக்கரின் சொந்த ஃபோல்டருக்குள்.

*

அப்பா டைப்பிஸ்ட். இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்து, பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மேஜை போட்டு மனு அடித்துக்கொடுத்தவர். பிறகு கம்ப்யூட்டர் வாங்கி டி.டி.பி. தொழிலுக்கு வந்தார். அப்போதெல்லாம் திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்கள் பழங்காநத்தத்திலிருந்துதான் கிளம்பும். 1999-இல் மாட்டுத்தாவணி வந்தது. ஊருக்கு அது தேவைதான். நாலு பஸ் ஸ்டாண்டுக்கு நடுவே மூட்டை தூக்கி அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் ஒரு ராத்திரியில் தெற்கத்திச் சனம் பூராவும் ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. அப்பா மேஜையைத் தூக்கிக்கொண்டு வீட்டு முன்ரூமுக்கு வந்தார். அதற்கப்புறம் தெருக்காரர்களின் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. பழங்காநத்தம் சுவர்களில் பார்த்த பல முகங்களுக்குக் கீழே இருந்த வரிகள் எங்கள் முன்ரூமில் அடிக்கப்பட்டவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது ஸ்கிரீனைப் பார்த்து, "பளிச்சுன்னு இருக்குடா" என்றார். உட்கார்ந்தார். கை தானாக யளனக வரிசையில் போய் நின்றது. தமிழ் தட்டச்சுப் பழகியவர்களுக்கு யளனக என்பது சிலேட்டில் போட்ட முதல் கோடு மாதிரி. அடித்தார். திரையில் ஆங்கில எழுத்துகள் ஓடின.

அவர் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்த பழைய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். நான் யூனிகோடின் பெருமைகளைச் சொன்னேன். விண்டோஸிலேயே ஃபொனெடிக் வந்துவிட்டது, ஏ எம் எம் ஏ ஏ என்று அடித்தால் 'அம்மா' வந்துவிடும் என்று அடித்துக் காட்டினேன்.

"அம்மாவ இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாத்தேன் தமிழ்ல வருமாக்கும்?" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். பிறகு மெதுவாக, "அம்மா ஃபைல் எங்கிட்டு இருக்கு?" என்றார்.

அம்மா 2018 கார்த்திகையில் போனாள். அன்றிரவு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவரே அடித்தார். வருடா வருடம் அதே ஃபைலைத் திறந்து, 'இரண்டாம்' என்பதை 'மூன்றாம்' ஆக்கி, 'மூன்றாம்' என்பதை 'நான்காம்' ஆக்கி, ஒரு தாள் அச்செடுத்து வாசலில் ஒட்டுவார். அடுத்த மாதம் அதை 'ஏழாம்' ஆக்கவேண்டியிருந்தது.

தரவுகளை மீட்டுக்கொடுக்கும் கடைக்கு ஹார்ட்டிஸ்க்கைக் கொண்டுபோனேன். பெயரில்லாத சில ஆயிரம் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் அது இல்லை. "மேலயே எழுதிட்டீங்களே சார்" என்றார் கடைக்காரர்.

*

போனது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். வாசகம் போகவில்லை, போன வருடத்துத் தாள் பீரோவில் இருக்கிறது. அம்மாவின் போட்டோ என் போனிலேயே இருக்கிறது. பாமினியை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். தகவல் என்று பார்த்தால் நஷ்டம் ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் ஒரே ஃபைலுக்குள் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் தொடாமல் மூடிவைக்கும் ஒரு செயல் இருந்தது. ஐயரும் எள்ளும் இல்லாத திதி. அதைத்தான் ஃபார்மட் அடித்தேன்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம். பேக்கப் ஒழுங்காக எடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஃபைல் ஒன்றுவிடாமல் பத்திரமாக இருந்திருந்தாலும் நான் செய்ததில் ஒரு தப்பு இருந்திருக்கும்.

அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார்: "கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லிருப்பேன்?"

ஆமாம், சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. ராத்திரியில் செய்ததற்கும் அதுதான் காரணம். மறந்துபோய்க் கேட்காமல் விடுவது ஒன்று. பதில் தெரிந்ததால் கேட்காமல் விடுவது இன்னொன்று. இரண்டாவதில் நாம் ஒருவருடைய 'வேண்டாம்' என்ற சொல்லை, அவர் வாய் திறப்பதற்கு முன்பே எடுத்துவிடுகிறோம்.

1859-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய 'சுதந்திரம் பற்றி' என்ற நூலின் மையமான வாதம் இதுதான்: ஒருவர் விருப்பத்துக்கு மாறாக அவர்மீது அதிகாரம் செலுத்த, மற்றவர்களுக்கு வரும் தீங்கைத் தடுப்பது ஒன்றே நியாயமான காரணம், அவருடைய நன்மை போதுமான காரணம் ஆகாது. எடுத்துச் சொல்லலாம், வாதாடலாம், கெஞ்சலாம். கட்டாயப்படுத்தக்கூடாது. நம் வீடுகளில் மில் ஒருநாள் தங்கினால் பைத்தியம் பிடித்துவிடும். பாட்டிக்குப் புற்றுநோய் என்பதைப் பாட்டியிடம் மட்டும் சொல்லாத குடும்பங்கள் நாம். பிளஸ் டூ முடித்ததும் நான் என்ன படிக்கவேண்டும் என்று அப்பா என்னைக் கேட்காமல் முடிவு செய்தார். பத்து வருடம் அதைச் சொல்லிக்காட்டினேன். "உன் நல்லதுக்குத்தானடா" என்பார். அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதும், அதே வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் அன்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன் என்பதும் இப்போதுதான் சேர்ந்து உறைக்கின்றன. வயது அதிகாரத்தைக் கைமாற்றிவிட்டது, அவ்வளவுதான்.

தமிழில் அப்கிரேடுக்கு 'மேம்படுத்தல்' என்கிறோம். மேம்படு என்பது தன்வினை. மேம்படுத்து என்பது பிறவினை. திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு என்பது போல. பிறவினையில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் செய்கிறார், இன்னொருவருக்குச் செய்யப்படுகிறது.

*

எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். நான் பயந்தது வீண் பயமல்ல. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. ஒட்டாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்பாவின் கணினியில் தெருக்காரர்கள் அத்தனை பேரின் பென்டிரைவும் ஏறி இறங்கும். அவருடைய பேங்க் கணக்கும் அதில்தான். தன் பெட்டி பாழாவது அவர் பாடு என்று விடலாம்; அடுத்தவன் பென்டிரைவில் போகும் கிருமி அவர் பாடு மட்டுமல்ல. மில் தரும் விதிவிலக்குக்குள் இது வந்துவிடுகிறது.

மாற்றாமல் வைத்திருப்பதே விசுவாசம் என்பதும் சரியல்ல. ஓலைச்சுவடிகள் நமக்கு மிஞ்சியது யாரோ தலைமுறைக்குத் தலைமுறை புது ஓலையில் படியெடுத்ததால். படியெடுக்காமல் பூஜை அறையில் பத்திரமாக வைத்தவை செல்லுக்கு இரையாயின. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதும் ஒரு மேம்படுத்தல்தான். சுவடியில் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று தெரியாது. அச்சுக்கு வரும்போது ஒவ்வோர் எழுத்தையும் ஒருவர் முடிவு செய்தாகவேண்டும். அவர் ஒரே சுவடியை நம்பவில்லை. பல பிரதிகளைத் தேடி, ஒப்பிட்டு, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டார். சிந்தாமணி சமண காவியம் என்பதால் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்ட சைவர் அவர். அந்த நூலோடு வாழ்ந்தவர்கள் யாரோ, அவர்களிடம் கேட்டார்.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பெரியார் 1935-இலிருந்தே தன் பத்திரிகையில் கையாண்ட வடிவங்கள், எம்.ஜி.ஆர். ஆட்சியில் பதின்மூன்று எழுத்துகள் மாறின. தும்பிக்கை தூக்கிய 'லை' போய் இன்றைய 'லை' வந்தது. மக்களைத் தனித்தனியாகக் கேட்டா செய்தார்கள்? இல்லை. ஆனால் பழைய எழுத்தில் படித்தவர்களால் புதியதைப் படிக்க முடிந்தது. புதியதில் படித்த நான், தாத்தாவின் கடிதங்களை இரண்டு வரி தடுமாறிவிட்டு வாசித்துவிடுகிறேன். கையால் எழுதும்போது அப்பா இன்றும் பழைய 'லை'தான் போடுகிறார். யாரும் அவர் பேனாவைப் பிடுங்கவில்லை. ஒரு மாற்றம் நியாயமானதா என்று பார்க்க இதை ஓர் உரைகல்லாக வைக்கலாம் என்று தோன்றுகிறது: பழையவருக்குப் பின்வாசல் திறந்திருக்கிறதா?

கேட்டிருந்து, அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? பழைய பெட்டியிலிருந்து நெட்டை மட்டும் கழற்றிவிட்டிருக்கலாம். பேங்க் வேலைக்கும் தெருக்காரர்களின் பென்டிரைவுக்கும் பக்கத்தில் புதியதை வைத்திருக்கலாம். நெட்டில்லாத பழைய கம்ப்யூட்டர் ஒரு டைப்ரைட்டர். அதற்கு யாருடைய ஆதரவும் வேண்டாம், காலாவதித் தேதியும் கிடையாது. கூடுதலாக ஒரு கேபினட் செலவு. இந்த வழி அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் தோன்றியிருக்கும். மறுப்பு நம்மைத் தடுப்பதோடு மூன்றாவது வழி ஒன்றைத் தேடவும் வைக்கிறது. கேட்காதவனுக்கு அது கிடைப்பதில்லை.

*

பழைய தட்டச்சு முறையிலேயே யூனிகோடில் அடிக்க மென்பொருள்கள் இருக்கின்றன. என்.எச்.எம். ரைட்டர் அப்படி ஒன்று. இறக்குவதற்கு முன் கேட்டேன். "போடு, பாப்போம்" என்றார்.

ஒரு விஷயம் அவரை ஆச்சரியப்படுத்தியது. 'கொ' அடிக்க அவர் விரல் முதலில் கொம்பைத் தட்டும், பிறகு க, பிறகு கால். தாளில் இடமிருந்து வலமாக எது முதலில் தெரிகிறதோ அது முதலில். யூனிகோட் உள்ளே சேமிப்பது அப்படியல்ல; க முதலில், அதன்பின் ஒகரக் குறி. வாய் சொல்லும் வரிசை அது. கை எழுதும் வரிசை அப்பாவுடையது. மென்பொருள் நடுவில் நின்று, அவர் தட்டிய கொம்பைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்து, க வந்ததும் இடம் மாற்றிக் கொடுக்கிறது. இதைச் சொன்னதும், "அப்ப அதுக்குப் பொறுமை இருக்கு" என்றார்.

கார்த்திகையில் நான் போகமுடியவில்லை. வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். வாசல் சுவரில் தாள். பீரோவில் இருந்ததைப் பார்த்து முதலிலிருந்து அடித்திருக்கிறார். வரிகள் அப்படியே. எழுத்துரு வேறு, கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. 'ஏழாம் ஆண்டு' என்பதற்குக் கீழே பெயர்களில் என் பெயருக்கு முன்பு 'மகன்' என்று இருக்கும் இடத்தில் ஒரு எழுத்துப்பிழை. சொல்லலாமா என்று யோசித்தேன். போன் போட்டு, "அப்பா, ஒரு பிழை இருக்கு, சொல்லவா?" என்று கேட்டேன்.

"தெரியும்டா. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.