அமைதிச் செய்தியும் அச்சச் செய்தியும்

 

 

மேலப்பாளையத்தில் நாம் தொழ வைக்கும் பள்ளிக்கு நாள் தவறாமல் வரும் மச்சான்மார் இருவர் உண்டு. ஒருவர் பீடிக் கம்பெனியில் கணக்கெழுதுபவர். மற்றவர் இருபதாண்டுக் காலம் துபாயில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். கணக்கெழுதுபவரின் தங்கையைத்தான் துபாய்க்காரர் மணமுடித்திருக்கிறார். இஷாத் தொழுகை முடிந்ததும் இருவரும் சேர்ந்தே படியிறங்கி டீக்கடைக்குப் போவது வழக்கம்.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. ஒரே ஸஃப்பில் நின்று தொழுகையின் முடிவில் வலமும் இடமும் ஸலாம் கொடுத்தவர்கள், பள்ளிவாசல் படியில் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லாமல் பிரிந்து போனார்கள்.

சொத்துத் தகராறா? இல்லை. கொடுக்கல் வாங்கலா? அதுவும் இல்லை. நாட்டு நடப்பைப் பற்றிய வாக்குவாதம்!

அவ்வாண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி காஷ்மீரில், பஹல்காமை அடுத்த பைசரன் புல்வெளியில், சுற்றுலா வந்திருந்த அப்பாவிகளைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். 26 உயிர்கள் போயின. மே 7-ஆம் தேதி நம் நாட்டுப் படைகள் எல்லைக்கு அப்பால் தாக்கின. 10-ஆம் தேதி மாலை சண்டை நிற்கும் வரை நாடே தூக்கமின்றித் தவித்தது. அந்த நாட்களில் கணக்கெழுதுபவர், தொலைக்காட்சியில் வந்ததையெல்லாம் குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டார். துபாய்க்காரரோ, "இதெல்லாம் அவர்களே செய்துகொண்ட நாடகம்" என்று யாரோ பேசிய பேச்சை அதற்குப் பதிலாகப் போட்டார். ஒருவர் மற்றவரைத் "துரோகி" என்றார். மற்றவர் இவரை "ஜால்ரா" என்றார். பிள்ளைகளும் மருமக்களும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இருவருக்கும் நடுவில் அகப்பட்டவர் அந்தத் தங்கை. நம் வீட்டுக்கு வந்து, கதவோரம் நின்று சொன்னார்: "அஸ்ரத்து, அந்தப் பக்கம் கூடப்பிறந்த காக்கா. இந்தப் பக்கம் எம் மாப்பிள்ளை. மவ கல்யாணத்துக்குத் தாய்மாமாவுக்குப் பத்திரிகை வைக்க மாட்டேங்காக. எங்க வீட்டுல ஒருத்தரும் காஷ்மீரையும் பார்த்ததில்ல, டில்லியையும் பார்த்ததில்ல. நான் யாரு பக்கம் நிக்க?"

இந்தக் கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. ஏனெனில் இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. அந்த மாதத்தில் எத்தனையோ வீடுகளில் இதுவே நடந்தது.

சகோதரர்களே! திருமறையில் ஸூரத்துன் நிஸாவின் 83-வது ஆயத்தை எடுத்துப் பாருங்கள். அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்துவிட்டால் உடனே அதைப் பரப்பிவிடுகிற மனிதர்களை அல்லாஹுத்தஆலா அங்கே கண்டிக்கிறான். தூதரிடமும் தங்களிலுள்ள பொறுப்பாளர்களிடமும் அதைக் கொண்டு சென்றிருந்தால், ஆய்ந்தறியும் திறமுடையோர் அதன் உண்மையை அறிந்திருப்பார்கள் என்றும் அருளுகிறான். அச்சச் செய்தியை மட்டும் சொல்லி நிறுத்தாமல் அமைதிச் செய்தியையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். "எதிரி நகரம் எரிகிறது, நாம் வென்றுவிட்டோம்" என்று மகிழ்ச்சியோடு பரப்புவதும் குற்றமே. "நாளை குண்டு விழப்போகிறது" என்று நடுங்கிக்கொண்டு பரப்புவதும் குற்றமே.

இந்த ஆயத்து இறங்கிய சந்தர்ப்பங்களில் ஒன்றாக ஸஹீஹ் முஸ்லிம் கிரந்தத்தில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்று மதீனாவில் ஒரு பேச்சுக் கிளம்பிற்று. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பள்ளிக்கு வந்தபோது, மக்கள் கவலையோடு பொடிக்கற்களைத் தரையில் தட்டிக்கொண்டு அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரவில்லை. நேராக நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்துக்கே போனார்கள். அனுமதி பெற்று உள்ளே சென்று, உண்மைதானா என்று கேட்டார்கள். இல்லை என்று விடை வந்தது. மக்களுக்கு இதை அறிவிக்கலாமா என்று அதற்கும் அனுமதி கேட்டார்கள். அதன் பின்னரே பள்ளியின் வாசலில் நின்று, அந்தப் பேச்சு பொய்யென்று உரத்த குரலில் அறிவித்தார்கள்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் முனாஃபிக்குகள் அல்லர், நல்ல மனிதர்கள், உண்மையாகவே வருந்தியவர்கள். ஆனால் வருத்தம் ஒரு பொய்யை மெய்யாக்கிவிடாது. உமர் (ரலி) நடந்த அந்தச் சில அடிகளை மற்றவர்கள் நடக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆய்ந்தறிவதற்குத் திருமறை அந்த இடத்தில் ஆளும் சொல் 'இஸ்தின்பாத்' என்பதிலிருந்து வருவது. கிணறு தோண்டும்போது முதலில் சுரக்கும் நீருக்கு அரபியில் 'நபத்' என்பார்கள். அதன் வழி வந்த சொல் இது. நம் தாமிரபரணிக் கரையில் இதை விளக்கத் தேவையில்லை. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் முதலில் வருவது கலங்கல். அதை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுப் பொறுத்திருந்தால்தான் தெளிந்த நீர் ஊறும். கலங்கலை அள்ளிப் பிள்ளைக்குப் புகட்டும் தாய் உண்டா? ஆனால் செய்தி விஷயத்தில் முதலில் வரும் கலங்கலைத்தானே அள்ளி அள்ளி ஊருக்கெல்லாம் ஊற்றுகிறோம்!

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கிறீர்களா? பூஞ்சில் நடந்ததைக் கேளுங்கள்.

மே 7-ஆம் தேதி எல்லைக்கு அப்பாலிருந்து பூஞ்ச் நகரத்தின் மீது பாகிஸ்தான் இராணுவத்தின் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. முஸ்லிம்கள், சீக்கியர்கள், இந்துக்கள் என எல்லாச் சமூகத்தாரும் மாண்டார்கள். பச்சிளம் பிள்ளைகளும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் காரீ முஹம்மது இக்பால். அங்குள்ள ஜாமிஆ ஜியாவுல் உலூம் மதரஸாவில் ஓதிக்கொடுத்த உஸ்தாது. நாட்டு மக்களில் ஒருவராக, அந்நியப் படையின் குண்டுக்கு இரையானவர். ஆனால் சில தொலைக்காட்சிகள் அவருடைய படத்தைப் போட்டு, நம் படைகள் கொன்ற பயங்கரவாதி இவர்தான் என்று அறிவித்துவிட்டன! ஜனாஸாவுக்குக் கூடியிருந்த குடும்பத்தார் அதைப் பார்க்கும் நிலை வந்தது.

பூஞ்ச் காவல்துறையே முன்வந்து அந்தச் செய்தி பொய்யென்றும், அவர் ஊரில் மதிக்கப்பட்ட மார்க்கப் பெரியவரென்றும் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் அங்குள்ள நீதிமன்றம், பொய்ச் செய்தி பரப்பியதற்காக வழக்குப் பதியும்படி உத்தரவிட்டது. பூஞ்சில் ஒரே ஒருவரிடம் விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அந்த ஒரு விசாரிப்பைச் செய்யாததால், ஓர் உஸ்தாது இரண்டு முறை கொல்லப்பட்டார்: முதலில் குண்டால்; பிறகு நாவால்.

இதைப் படிக்கும்போது நம் நெஞ்சு கொதிக்கிறது. நாமும் ஒரு மதரஸாவில் ஓதிக்கொடுப்பவராயிற்றே! அந்தத் தாடிக்கும் தொப்பிக்கும் பதிலாக நம் படம் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆனால், அன்பர்களே! கொதிப்போடு நின்றுவிட்டால் பயனில்லை. அதே தராசில் நம்மையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நமக்கே விரோதமாயிருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டுமென்று அதே ஸூரத்துன் நிஸாவின் 135-வது ஆயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை அநீதிக்குத் தூண்டிவிட வேண்டாமென்று ஸூரத்துல் மாயிதாவின் 8-வது ஆயத்து எச்சரிக்கிறது.

பஹல்காமில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். தந்தையைக் கண்ணெதிரே இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் ஓர் ஆதாரமுமின்றி "அது நாடகம்" என்று நம்மில் ஒருவர் எழுதினால், அந்தப் பெண்களின் கண்ணீரைப் பொய்யென்று சொல்கிறோம் அல்லவா? அந்த 26 பேரில் ஒருவர் சையத் ஆதில் ஹுசைன் ஷா. மட்டக்குதிரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்று குடும்பத்தைக் காத்துவந்த ஏழை முஸ்லிம். விருந்தினரைக் காப்பாற்ற முயன்று தம் உயிரைக் கொடுத்தார். நாடகமென்று சொன்னால் அவருடைய தியாகமும் நாடகமாகிவிடாதா? பூஞ்ச் உஸ்தாதின் மீது சொல்லப்பட்ட பொய் எவ்வளவு பெரிய பாவமோ, ஆதாரமின்றி நாம் சொல்வதும் அதே கணக்கில்தான் எழுதப்படும்.

இங்கே நம்முடைய குற்றத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த இரவுகளில் ஒன்றில் நம் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. துறைமுகம் ஒன்று வெடித்துச் சிதறுகிறது. புகை வானத்தை மூடுகிறது. நம் நாட்டின் மீது நடந்த தாக்குதல் என்று அதன் கீழ் எழுதியிருந்தது. பதறிப்போய், துஆச் செய்யுங்கள் என்று ஒரு வரி சேர்த்து உறவினர்களுக்கு அனுப்பினோம். உண்மையில் அது 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி லெபனான் நாட்டுப் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த விபத்து! மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதைப் பொய்யென்று அறிவித்திருப்பதை நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர்தான் காட்டினார். அதற்குள் அது எத்தனை கைகளுக்குப் போயிற்றோ, அல்லாஹ்வே அறிவான். கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வது ஒன்றே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழியை எத்தனையோ தடவை மிம்பரில் ஓதியவர்கள் நாம்! அன்று அது நம்மையே பார்த்துச் சொன்னது போலிருந்தது.

அப்படியானால் அரசியலே பேசக் கூடாதா, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று வாலிபர்கள் கேட்கலாம். அல்ல, அல்ல! பாதுகாப்பில் குறை எங்கே நேர்ந்தது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. ஹுதைபிய்யா உடன்படிக்கையின்போது உமர் (ரலி) அவர்கள் மனம் பொறாமல் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலைக்கே வந்து தம் கேள்விகளைக் கேட்டார்கள். கேட்டது தவறென்று விரட்டப்படவில்லை. நம் திருநெல்வேலிப் பேட்டையில் 1896-இல் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள், 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்க வேண்டுமென்று வாதாடினார்கள். அன்று அது பெரும்பான்மையோர் ஏற்காத கருத்துத்தான். சபையில் எழுந்து நின்று, காரணங்களை எடுத்துரைத்து வாதிட்டார்கள். மாற்றுக் கருத்து வேறு, வதந்தி வேறு. கேள்வி வேறு, அவதூறு வேறு.

ஆகவே, இனி ஒரு செய்தி வந்தால் நாம் செய்ய வேண்டியவை இவை:

முதலாவது: சொன்னவர் யார், எங்கே, எப்போது என்று விசாரியுங்கள். விசாரிக்க வழியில்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும். அனுப்பாத செய்திக்காக மறுமையில் ஒருவரும் விசாரிக்கப்பட மாட்டார்.

இரண்டாவது: தவறாக அனுப்பிவிட்டால் வெட்கப்படாமல் அதே இடத்தில் அதைத் திருத்துங்கள். யார் யாருக்கு அனுப்பினோமோ அத்தனை பேருக்கும் சொல்வதே தவ்பாவின் ஒரு பகுதி.

மூன்றாவது: கருத்தை மறுங்கள், மனிதரைத் தூற்றாதீர்கள். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11-வது ஆயத்து தடுக்கிறது. "துரோகி" என்பதும் "ஜால்ரா" என்பதும் பட்டப்பெயர்களே.

நான்காவது: பிள்ளைகளைக் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவின்படி, பொய்யும் வதந்தியும் பரப்பி மக்களிடையே அச்சத்தையோ பகையையோ மூட்டுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒரு நொடி ஆத்திரத்தில் விரல் தட்டியதற்காக உங்கள் மகன் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டுமா? தாய்மார்களே, நீங்கள் பீடி சுற்றிச் சேர்த்த காசு வக்கீலுக்கா போக வேண்டும்?

இனி அந்த மச்சான்மாரின் விஷயத்துக்கு வருவோம். அவர்கள் சண்டையிட்ட மாதம் துல்கஃதா. அல்லாஹ் கண்ணியப்படுத்திய நான்கு மாதங்களில் ஒன்று. ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாதென்றும், ஸலாமை முந்திச் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஜும்ஆ பயானில் நாம் யாரையும் குறிப்பிடவில்லை. பெய்ரூட் படத்தை அனுப்பிய நம் தவறை மட்டும் எடுத்துச் சொல்லி, அதற்காக அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

அன்று அஸருக்குப் பின் துபாய்க்காரர் நம்மிடம் வந்தார். "நான் போட்டதுக்கும் ஆதாரம் கிடையாது அஸ்ரத்து" என்றார். கணக்கெழுதுபவரோ இன்னும் சிறிது முறுக்கோடுதான் இருந்தார். ஆனாலும் மறுநாள் மஃரிபுக்குப் பிறகு தங்கையும் மாப்பிள்ளையுமாகப் பத்திரிகைத் தாம்பாளத்தோடு படியேறி வந்தபோது, அவர் கதவை அடைக்கவில்லை. ஸலாமை யார் முந்திச் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. பதில் ஸலாம் வந்தது, அது போதும்.

காஷ்மீரைப் பற்றி இருவருக்கும் இன்னமும் ஒரே கருத்து இல்லை. இருக்க வேண்டுமென்ற அவசியமும் இல்லை. ஆனால் இஷாவுக்குப் பின் இருவரும் மறுபடியும் ஒன்றாகப் படியிறங்குகிறார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து காத்தருள்வாயாக! அநியாயமாக உயிர் பறிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் பொறுமையையும் ஆறுதலையும் தந்தருள்வாயாக! எங்கள் நாட்டில் அமைதியையும், எங்கள் வீடுகளில் உறவையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!