பழக்கியவர் கடன்

துள்ளித் திரியும் ஓர் இளநாயைப் பழக்குவது அதன் இயல்பை ஒடுக்குவதாகுமா? ஆகும் என்பவர்கள் கழுத்துப்பட்டையையும் சங்கிலியையும் காட்டுவார்கள். ஆகாது என்பவர்கள், கூப்பிட்டால் திரும்பி வரும் நாயைத்தான் கடற்கரையிலும் மலைப்பாதையிலும் அவிழ்த்துவிட முடியும், பழகாத நாய்க்கு ஆயுள் முழுதும் கட்டுத்தான் என்பார்கள். நியாயம் இரண்டாவது தரப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பழக்கத்தால் நாய்க்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கும் அது, பழக்கியவர்மேல் என்ன கடன் ஏறுகிறது என்று கேட்பதில்லை. அந்தக் கடன் பயணத்தில்தான் வெளிப்படையாகத் தெரியும். வீட்டில் நாய்க்குத் தன் மூலை, தன் தண்ணீர்க் கிண்ணம், தெரிந்த மணங்கள் உண்டு. ரயிலிலோ அயலூரிலோ அதற்குத் தெரிந்தது கூட வரும் மனிதர் ஒருவர்தான். தன் மூக்கும் காதும் சொல்வதை ஒதுக்கிவிட்டு அவர் சொல்வதை நம்பி அது கேட்கிறது. அப்படிக் கேட்க வைத்தவர், அந்தச் சொல் அதற்குக் கேடு செய்யாது என்று பொறுப்பேற்றவர் ஆகிறார்.

இது வெறும் பழக்கதோஷம், இதில் நம்பிக்கை எங்கே வந்தது என்று கேட்கலாம். உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வகத்தில் உணவோடு இணைத்துப் பழக்கிய ஒலியைக் கேட்டதும் நாய்களுக்கு உமிழ்நீர் ஊறியதே, அதுவும் நம்பிக்கையா? இல்லைதான். ஆனால் நாயின் கீழ்ப்படிதல் உமிழ்நீரோடு முடிந்துவிடுவதில்லை. மனிதர் விரலால் சுட்டும் திசையில் ஒளித்துவைத்த உணவைத் தேடுவதில் நாய்கள் சிம்பன்சிகளைவிடத் தேர்ந்தவை என்றும், குட்டிகளிடமே அத்திறன் காணப்படுகிறது என்றும் 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நிகழவில்லை. மனிதரை நோக்கித் திரும்பும் அந்த இயல்பு, குறைந்தது பதினையாயிரம் ஆண்டு மனிதரோடு வாழ்ந்ததில் உருவானது. பயிற்சி அந்த இயல்பின்மேல்தான் கட்டப்படுகிறது. அதைப் பயன்படுத்துகிறவர் அதற்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர்.

கடன் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, விண்வெளிக்கு அனுப்பப்பட்ட லைக்காவே சான்று. மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட, சுமார் ஆறு கிலோ எடையுள்ள இளம் பெண்நாய் அது. நாய்களை வரவரச் சிறிதாகும் கூண்டுகளில் நாள்கணக்கில் அடைத்து, சுழல்பொறியில் சுற்றி, ராக்கெட்டின் இரைச்சலைக் கேட்க வைத்துப் பழக்கினார்கள். அவற்றில் அமைதியானது என்பதால் லைக்கா தேர்வானது. 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 விண்கலம் அதைச் சுமந்து சென்றது. அந்தக் கலத்தில் திரும்பி வருவதற்கான ஏற்பாடே இல்லை. சில நாள் உயிரோடிருந்தது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க, சில மணி நேரத்திலேயே வெப்பம் தாளாமல் இறந்தது என்ற உண்மை 2002இல்தான் வெளிவந்தது. பழகிய அதன் பொறுமையே அதைச் சாவுக்கு ஏற்றியனுப்பும் தகுதியாக மாறியது.

அந்தச் சாவு இல்லாமல் மனிதர் விண்வெளிக்குப் போயிருக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற நாய்கள் பூமியைச் சுற்றி உயிரோடு திரும்பின. அதே சோவியத் நாட்டால் அதைச் செய்ய முடிந்தது. லைக்காவுக்கு அது வாய்க்காமல் போனதற்கு அவசரமும் ஒரு காரணம்: ரஷ்யப் புரட்சியின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்குள் கலம் பறந்தாக வேண்டும் என்று தலைமை விரும்பியது. அந்தத் திட்டத்தில் பணியாற்றிய ஒலெக் காசென்கோ, நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று 1998இல் வருந்தினார். இதைவிடக் கடினமான மறுப்பு தத்துவஞானி காண்ட்டினுடையது. பகுத்தறிவு இல்லாத உயிருக்கு நேரடியாக நாம் எதுவும் கடன்படவில்லை, உழைத்துக் களைத்த நாயைக் கொல்பவன் கெடுத்துக்கொள்வது தன் மனிதத்தன்மையை மட்டுமே என்றார் அவர். ஒப்பந்தத்துக்கு இரு தரப்பிலும் பகுத்தறிவு வேண்டும் என்பது சரி. நம்பிக்கைக்கு அது தேவையில்லை. கைக்குழந்தை யாரோடும் ஒப்பந்தம் செய்யவில்லை. ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குபவர் அதற்கே கடன்பட்டவர், தன் நற்குணத்துக்கு மட்டுமல்ல.

நம் மரபு இந்தக் கேள்வியை இரு விதமாக அணுகியிருக்கிறது. எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலாட்டும் நாயை நட்புக்கு இலக்கணமாக்குகிறது நாலடியார். வேலெறிந்தவரைப் பற்றி அங்கே பேச்சில்லை. மகாபாரதத்தின் கடைசிப் பயணம் கேள்வியை மனிதர் பக்கம் திருப்புகிறது. அத்தினாபுரத்திலிருந்து பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்கிறான் இந்திரன். தருமன் மறுக்கிறான். தம்பியரையும் மனைவியையும் வழியில் விட்டுவிட்டுத்தானே வந்தாய் என்ற குத்தலுக்கு, அவர்கள் இறந்துவிட்டார்கள், உயிரோடிருந்தபோது நான் விடவில்லை என்கிறான். அந்த நாய் தருமதேவதைதானே, வெறும் சோதனைதானே என்று கதையை ஒதுக்கிவிட முடியாது. மறுத்த நேரத்தில் அது தேவதை என்று அவனுக்குத் தெரியாது. அவன் கண்ணில் பட்டது தன்னை நம்பி வந்த உயிர். அதுவாக வந்து சேர்ந்த நாய்க்கே இவ்வளவு கடன் என்றால், "வா" என்று சொல்லிச் சொல்லி வரவழைத்த நாய்க்கு எவ்வளவு? வெளிநாட்டு வேலை கிடைத்ததும், வாடகை வீடு மாறியதும் தெருவில் இறக்கிவிடப்படும் பழக்கிய நாயின் நிலை தெருநாயைவிடக் கேவலமானது. தெருநாய்க்கு இரை தேடத் தெரியும், ஆளைக் கண்டால் விலகத் தெரியும். இதற்கு அந்த இரண்டையும் மறக்கடித்தது நாம்தான். கடைசிவரை கூட வைத்துக்கொள்ளவோ, தக்க கையில் ஒப்படைக்கவோ முடியாதவருக்கு ஒரு குட்டியைப் பழக்கும் உரிமை இல்லை.